‘தீர்ந்துவிட்டது’ போர்டு மாட்டும் முன் – வாசகர் கேள்வி பதில்

குறைவாகத் தயாரித்து, விளம்பரப் பலகை எதுவும் வைக்காமல், குறித்த நாளில் குறித்த நேரத்தில் விற்றுத் தீர்ப்பதை ஸ்ட்ரீட்வேர் (இளைஞர்களின் தெரு ஃபேஷன்) உலகில் ‘ட்ராப்’ என்கிறார்கள். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: 200 டி-ஷர்ட் அடித்தோம். ‘லிமிடெட் எடிஷன்’ என்று இன்ஸ்டாகிராமில் பத்து நாள் கூவினோம். 31தான் போனது. அமெரிக்காவின் சுப்ரீம் பிராண்டு மட்டும் எப்படி நிமிடக் கணக்கில் விற்றுத் தீர்க்கிறது? – கல்லூரி மாணவர்கள் மூவர், கோவை

கேட்பவர்கள் 31 பேர் இருக்கிற இடத்தில் 200 சட்டை என்பது அபரிமிதம். அதன்மேல் ‘லிமிடெட்’ என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். எண்ணிக்கை எவ்வளவு என்பதைவிட, கேட்டவர்களில் எத்தனை பேர் கிடைக்காமல் திரும்பிப் போனார்கள் என்பதுதான் கணக்கு.

சுப்ரீம் கதையைப் பலர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். ஜேம்ஸ் ஜெபியா 1994இல் நியூயார்க்கின் லஃபாயெட் தெருவில் அந்தக் கடையைத் திறந்தபோது அது ஸ்கேட்போர்டு பையன்களின் கடை. பலகையோடு உருண்டே உள்ளே வரட்டும் என்று நடுவில் இடத்தைக் காலியாக விட்டு, துணிகளைச் சுவரோரம் மாட்டினார். கடையில் வேலை பார்த்ததும் அதே பையன்கள்தான். குறைவாக அடித்ததற்கு அவர் சொன்ன காரணமும் எளிமையானது: யாருக்கும் வேண்டாத சரக்கைத் தலையில் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. 600 போகும் என்று தெரிந்தால் 400 அடிப்பேன் என்ற பொருளில் பேசியிருக்கிறார். சரக்குத் தேங்கிவிடுமோ என்கிற சிறு கடைக்காரரின் பயம்தான் பிறகு பெரிய விற்பனை உத்தியாகப் பேசப்பட்டது.

டோக்கியோவிலும் இதே வரிசைதான். 1993இல் ஹராஜுகுவின் பின்தெரு ஒன்றில் நிகோ, ஜுன் தகஹாஷி என்ற இரு உடை வடிவமைப்பாளர்கள் ‘நோவேர்’ என்ற சின்னக் கடையைத் திறந்தார்கள். நிகோவின் ‘எ பேத்திங் ஏப்’ பிராண்டு ஆரம்பத்தில் வாரத்துக்கு 30 முதல் 50 சட்டைதான் அடித்தது. அதிலும் பாதியை நண்பர்களுக்கும் கொர்னேலியஸ் போன்ற இசைக்காரர்களுக்கும் கொடுத்துவிட்டார்கள். மேடையில் பார்த்தவன் கடைக்கு வந்து கேட்பான். அங்கே மீதிப் பாதிதான் இருக்கும்.

ஆக, முதலில் ஒரு வட்டம், பிறகு அந்த வட்டத்துக்குப் போதாத சரக்கு. நீங்கள் இரண்டாவதிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள்.

கையில் இருக்கும் 169ஐ என்ன செய்வது? தள்ளுபடி வேண்டாம். முழு விலை கொடுத்த 31 பேரை ஏமாளியாக்கிவிடும். உங்கள் ஊரில் மற்ற இளைஞர்கள் உடையைக் கவனித்துப் பார்க்கிற ஆட்கள் – நடனக் குழு, பேண்டு, ஸ்கேட் செய்பவர்கள், பார்பர் ஷாப் நடத்துபவர் – நாற்பது பேரைப் பெயரெழுதித் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். போட்டோ போடச் சொல்லாதீர்கள். பிடித்தால் அவர்களே போட்டுக்கொண்டு வெளியே போவார்கள். மிச்சத்தைக் கட்டி வையுங்கள், அந்த டிசைனை மறந்துவிடுங்கள். அடுத்தது 40 மட்டும்.

கேள்வி: முதல் ட்ராப்புக்கு எத்தனை பீஸ் அடிக்க வேண்டும்? சைஸை எப்படிப் பிரிப்பது? – வாசகி, மதுரை

ஃபாலோயர் எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். லைக் போடுவதற்குச் செலவில்லை. கொஞ்சமாவது சிரமப்பட்டு முன்வந்தவர்களை மட்டும் எண்ணுங்கள்: வாட்ஸ்அப் எண்ணைக் கொடுத்துப் பட்டியலில் சேர்ந்தவர், தன் சைஸைக் குறிப்பிட்டுச் செய்தி அனுப்பியவர், விலை தெரிந்த பிறகும் பட்டியலில் நீடித்தவர். இந்த மூன்றாவது வடிகட்டல் முக்கியம். விலையைச் சொல்லாமல் சேர்த்த பட்டியல் விலை சொன்ன அன்றே கரையும். மிஞ்சியவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் அடியுங்கள். 120 பேர் என்றால் 60.

இரண்டாவது ட்ராப்பிலிருந்து ஊகம் தேவையில்லை. தீர்ந்த பிறகும் வாங்க முயன்றவர்கள் எத்தனை பேர் என்பது தளத்தின் கணக்கில் இருக்கும். ஒரே ஆள் ஐந்து முறை முயன்றிருப்பார், அதனால் போன் எண்ணை வைத்து ஒரு முறைதான் எண்ண வேண்டும். விற்றதையும் கிடைக்காமல் போனதையும் கூட்டி, மூன்றில் இரண்டு பங்கு அடிக்கலாம். ஜெபியா சொன்ன 600க்கு 400 என்பதும் அதே விகிதம்தான்.

சைஸில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். எல்லா சைஸுக்கும் சமமாகப் பிரித்தால் எம்மும் எல்லும் முதலில் தீர்ந்து, எஸ் மட்டும் இரண்டு வாரம் தளத்தில் தொங்கும். ‘தீர்ந்துவிட்டது’ என்ற சொல்லே பொய்யாகிவிடும். தொளதொள ஓவர்சைஸ் வெட்டுக்கு 100 பீஸ் என்றால் எஸ் 15, எம் 30, எல் 32, எக்ஸ்எல் 18, டபுள் எக்ஸ்எல் 5 என்று தொடங்குங்கள். இது தொடக்கம்தான், உங்கள் பட்டியலில் உள்ளவர்கள் சொன்ன சைஸ் வேறு மாதிரி இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

எல்லாம் தீர்ந்தபின் சைஸ் மாற்றிக் கேட்டால் கொடுக்க ஒன்றும் இருக்காது. அதனால் மார்பு, உயரம், தோள் மூன்றையும் அங்குலத்தில் அளந்து, தைத்து வந்த சட்டையையே தரையில் விரித்து அளந்து, முன்கூட்டியே போடுங்கள். பேட்டர்ன் (வெட்டுவதற்கான மாதிரித் தாள்) அளவைப் போடாதீர்கள். துவைத்த பிறகு சுருங்கியதும் சண்டை வரும். ஒவ்வொரு சைஸிலும் ஒன்று ஒளித்து வைத்துக்கொள்ளுங்கள், தையல் பிசகிப் போனதற்கு மாற்றுக் கொடுக்க.

விற்பனை நாளில் கேஷ் ஆன் டெலிவரி கூடவே கூடாது. ஆர்வத்தில் ஆர்டர் போட்டுவிட்டு வீட்டு வாசலில் வேண்டாம் என்பவர்களால் சரக்கு திரும்பி வரும். தீர்ந்ததாகச் சொன்னது மறுவாரம் உங்கள் வீட்டில் இருக்கும். அதை மறுபடி விற்றால் சொன்ன சொல் போச்சு, விற்காவிட்டால் காசு போச்சு. இன்னொன்று: பெரும்பாலான விற்பனைத் தளங்களில் கூடையில் போட்டதும் பொருள் உங்களுக்கென்று ஒதுக்கப்படாது, பணம் கட்டும்போதுதான் ஒதுக்கப்படும். இதை முன்பே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அன்று இரவு முழுக்கத் திட்டு வாங்க வேண்டியிருக்கும். யுபிஐ பணம் நடுவில் தொங்கி நிற்கும் ஆர்டர்களும் வரும். நூற்றுக்கு இரண்டு மூன்று பீஸை விற்பனைக் கணக்கில் சேர்க்காமல் வைத்திருந்தால் அவற்றைச் சமாளிக்கலாம்.

கேள்வி: லண்டனின் கோர்ட்டீஸ் பிராண்டு இன்ஸ்டாகிராம் கணக்கைப் பூட்டியே வைத்திருந்ததாமே? கடை ஷட்டரைச் சாத்திவிட்டு வியாபாரம் பண்ணுவது போல இல்லையா? – வாசகர், சென்னை

2017இல் க்ளின்ட் என்ற மேற்கு லண்டன் இளைஞர் தொடங்கியது கோர்ட்டீஸ். கணக்கு பிரைவேட்டாக இருந்தது. பின்தொடர வேண்டுமென்றால் கேட்க வேண்டியிருந்தது. இணையக் கடைக்குக் கடவுச்சொல் இருந்தது. ட்ராப் நேரத்துக்குச் சற்று முன்தான் அது வெளியே வந்தது. பெரிய கடைகளுக்கு மொத்த விற்பனை இல்லை, காசு கொடுத்த விளம்பரமும் இல்லை.

பூட்டு இரண்டு வேலை செய்கிறது. வெறுமனே விரலால் தள்ளிக்கொண்டு போகிறவர்களை வெளியே நிறுத்துகிறது. உள்ளே இருப்பவருக்கு அடுத்தவரிடம் சொல்ல ஒரு செய்தியைத் தருகிறது: “பாஸ்வேர்டு வந்துச்சா?” காசு கொடுத்து விளம்பரம் செய்தால்கூட ஒருவர் தன் நண்பருக்கு இப்படி மெசேஜ் அனுப்பமாட்டார்.

ஆனால் கோர்ட்டீஸைப் பெரிய பெயராக்கியது 2022இல் அது தெருவில் செய்த காரியங்கள். ஜனவரியில் ‘போலோ’ என்ற தன் பஃபர் ஜாக்கெட்டை (உள்ளே அடைப்பு வைத்த குளிர் ஜாக்கெட்)க் காசுக்கு விற்காமல் பண்டமாற்றுக்கு வைத்தது. நார்த் ஃபேஸ், மாங்க்லேர் போல ஏற்கெனவே பெயர்பெற்ற பிராண்டின் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தால் இது கிடைக்கும். மொத்தம் 50. லண்டன் குளிரில் பையன்கள் ஓடிவந்து, இதைவிட விலை கூடிய ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தார்கள். வந்து சேர்ந்தவற்றின் மதிப்பு சுமார் 16,000 பவுண்டு; அத்தனையும் வீடற்றவர்களுக்கு உதவும் அமைப்புக்குப் போனது.

இதில் உள்ள கணக்கைப் பாருங்கள். செலவு 50 ஜாக்கெட்டின் அடக்கவிலை மட்டும். “எங்கள் ஜாக்கெட் மாங்க்லேருக்குச் சமம்” என்று க்ளின்ட் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. வாங்க வந்தவர்களே கேமரா முன்னால் அதைச் செய்து காட்டினார்கள். பழைய ஜாக்கெட்டுகளை அவர் விற்றிருந்தால் வெறும் லாபத் தந்திரமாகியிருக்கும். தானமாகக் கொடுத்ததால்தான் செய்தித்தாள்களும் எழுதின.

அதே ஆண்டு கார்கோ பேன்ட்டை 99 பென்ஸுக்கு (ஒரு பவுண்டுக்கு ஒரு காசு குறைவு) கொடுத்தார்கள். சரியாக 99 பென்ஸ் சில்லறையோடு, கடைசி நேரத்தில் சொன்ன இடத்துக்கு வர வேண்டும். விலை ஒன்றுமே இல்லைதான். ஆனால் சில்லறை தேடுவது, வேலையைப் போட்டுவிட்டு ஓடுவது, கூட்டத்தில் நிற்பது எல்லாம் சேர்ந்து பெரிய விலை. பணக்கார வீட்டுப் பையனுக்கு இங்கே சலுகையில்லை, ஓடத் தெரிந்தவனுக்கே பேன்ட். வங்கி இருப்பைவிட ஈடுபாட்டைச் சோதிக்கிற இந்த வகை விதிதான் நல்ல ட்ராப்பின் அடையாளம் என்பது எங்கள் எண்ணம்.

இதைப் பார்த்துவிட்டு நீங்களும் கணக்கைப் பூட்டிவிடாதீர்கள். உள்ளே வரத் துடிப்பவர் வெளியே இருந்தால்தான் பூட்டுக்கு வேலை. முதல் ஆறு மாதம் திறந்தே வையுங்கள்.

கேள்வி: சுப்ரீம் செங்கல் விற்றது நிஜமா? – வாசகர், யாழ்ப்பாணம்

நிஜம். 2016இல், பெயர் அச்சிட்ட சாதாரண களிமண் செங்கல், 30 டாலர். தீர்ந்துபோய், மறுவிற்பனையில் பல நூறு டாலருக்குக் கேட்டார்கள். 2017 பிப்ரவரியில் நியூயார்க் சுரங்க ரயிலின் பயணச்சீட்டு அட்டையில் தன் சிவப்புப் பெட்டி லோகோவை அச்சிட்டது. சில நிலையங்களில் மட்டும் கிடைக்கும் என்றதும் டிக்கெட் இயந்திரத்தின் முன்னால் வரிசை. 2018 ஆகஸ்ட் 13 அன்று ‘நியூயார்க் போஸ்ட்’ நாளிதழின் மேலுறையில் லோகோ மட்டும். ஒரு டாலர் பேப்பர் காலையிலேயே காலி. செங்கலை வாங்கியவர் வீடு கட்ட வாங்கவில்லை என்பது அவருக்கும் தெரியும், கடைக்கும் தெரியும். அந்தச் சிரிப்பில் பங்கு கேட்டுத்தான் வாங்கினார்கள். இருபது வருடப் பெயர் இருந்ததால் அது நகைச்சுவையாக எடுபட்டது. நேற்று ஆரம்பித்த பிராண்டு செங்கல் விற்றால் அது வெறும் செங்கல்.

கேள்வி: நாங்களும் திடீரென்று இடத்தை அறிவித்து பீச்சில் ட்ராப் நடத்தலாமா? – இளம் தொழில்முனைவோர், புதுச்சேரி

திடீர் என்பது வாங்க வருபவர்களுக்கு மட்டும் இருக்கட்டும். காவல் நிலையத்துக்கும் இடத்தின் உரிமையாளருக்கும் நகராட்சிக்கும் முன்பே எழுத்தில் தெரிந்திருக்க வேண்டும். 2014 ஏப்ரலில் சுப்ரீமும் நைக்கும் சேர்ந்து செய்த ஃபோம்போசிட் காலணிக்குத் திரண்ட கூட்டத்தைப் பார்த்து, நியூயார்க் போலீஸ் கடை விற்பனையை நிறுத்திவிட்டது. கடைசியில் இணையத்தில்தான் விற்றார்கள். அனுபவமுள்ள கடைக்கே அந்தக் கதி.

திறந்த வெளியைவிட, உள்ளே வர ஒரு வாசல், வெளியே போக ஒரு வாசல் என்று உள்ள சிறு இடம் நல்லது: நண்பரின் கஃபே, மூடிய கார் ஷெட், பழைய குடோன். சரக்கு 60 என்றால் 60 டோக்கன். வரிசை ஆரம்பித்ததுமே கையில் ரிஸ்ட் பேண்டு கட்டிவிடுங்கள். 61ஆவது ஆளிடம் அப்போதே “இல்லை” என்று சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரம் வெயிலில் நிற்க வைத்துவிட்டுச் சொன்னால் அடிதடிதான். குடிதண்ணீர், கயிறு கட்டிய வரிசை, நூறு பேருக்கு நாலைந்து தன்னார்வலர்கள். கூட்டம் கணக்கை மீறினால் அங்கேயே நிறுத்திவிட்டு டோக்கன் வாங்கியவர்களின் வீட்டுக்கு அனுப்பிவைக்கும் மாற்றுத் திட்டமும் கையில் இருக்கட்டும்.

சுவர்களில் ஸ்டிக்கர் ஒட்டுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். சுப்ரீம் 1994இல் மாடல் கேட் மாஸ் இருந்த கால்வின் க்ளைன் போஸ்டர்கள் மேல் தன் ஸ்டிக்கரை ஒட்டி நகரம் முழுக்கப் பேசவைத்தது, சட்டச் சிக்கலும் கூடவே வந்தது. பிறகு 2012இல் அதே கேட் மாஸ் சுப்ரீம் சட்டை போட்டு அவர்கள் போஸ்டருக்கே நின்றார். அடுத்தவர் சுவர் அடுத்தவருடையதுதான். ஸ்டிக்கரை ஒவ்வொரு பார்சலிலும் இரண்டு போட்டு அனுப்புங்கள். லேப்டாப், ஹெல்மெட், பைக் டேங்க் எல்லாம் வாங்கியவருக்குச் சொந்தமான இடம்.

கேள்வி: எங்கள் 1,499 ரூபாய் ஹூடியை ஒருவர் வாங்கி 4,000க்கு விற்கிறார். அடுத்த முறை நாங்களே விலையை ஏற்றினால் என்ன? – வாசகர், பெங்களூரு

ஏற்றாதீர்கள். 1,499க்கும் 4,000க்கும் இடையிலுள்ள பள்ளம்தான் அடுத்த ட்ராப்புக்கு ஆட்களை எழுப்பிவிடுகிற அலாரம். நீங்களே 4,000 வைத்தால் பள்ளம் மூடிவிடும், 4,000 கொடுக்கிற ஏழெட்டுப் பேர் வாங்குவார்கள், மீதி தேங்கும். ஒரே ஒரு சட்டைக்கு 4,000 கிடைத்ததை வைத்து நூறுக்கும் கிடைக்கும் என்று கணக்குப் போடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு.

ஆனால் சரக்கில் பெரும்பகுதி இடைத்தரகர் கைக்குப் போனால், உண்மையில் உடுத்துகிறவர்கள் வெறுத்துப்போவார்கள். ஒரு டிசைன் ஒருவருக்கு ஒன்று என்ற கட்டுப்பாட்டை சுப்ரீம் வைத்திருந்தது இதற்காகத்தான். பெயரை மாற்றினாலும் முகவரியும் போன் எண்ணும் மாறாது. விற்ற இரவே பட்டியலை முகவரி வாரியாக அடுக்கிப் பாருங்கள், ஒரே கதவிலக்கத்துக்கு ஆறு பார்சல் போகிறதா என்று தெரிந்துவிடும். ஒன்றை வைத்துக்கொண்டு மீதியைப் பணம் திருப்பி ரத்து செய்யலாம். அதற்கான விதியை முன்பே தளத்தில் எழுதியிருக்க வேண்டும். அதோடு, சரக்கில் ஐந்தில் ஒரு பங்கை முன்பு வாங்கியவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னால் திறந்துவிடுங்கள். பிராண்டைத் தாங்குகிறவர்கள் அவர்கள்தான்.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். 100 பீஸ், 60 பீஸ் என்று இன்ஸ்டாகிராம் பிராண்டுக்காரர்கள் வருகிறார்கள். எடுக்கலாமா? என்னென்ன கவனிக்க வேண்டும்? – வாசகர், திருப்பூர்

எடுக்கலாம், ஆனால் ஏற்றுமதி ஆர்டரின் பீஸ் ரேட்டில் எடுத்தால் நஷ்டம். பேட்டர்ன், சாம்பிள், மார்க்கர் (துணியில் வெட்டும் வரைபடம்), பிரிண்ட் ஸ்கிரீன், பவர் டேபிளில் (தையல் மெஷின் வரிசை) லைன் மாற்றும் நேரம் – இவற்றின் செலவு 60 பீஸுக்கும் 6,000 பீஸுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. உதாரணத்துக்கு அது 12,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1,000 பீஸில் பீஸுக்கு 12 ரூபாய். 100 பீஸில் 120. இதைத் தனி வரியாக எழுதிக் காட்டிவிடுங்கள். புரிந்துகொள்கிறவர் நிலைப்பார், மற்றவர் போகட்டும்.

துணிக்கு: 240 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 240 கிராம்) துணியில் ஓவர்சைஸ் டி-ஷர்ட் ஒன்றுக்குக் கட்டிங் வேஸ்ட் சேர்த்து 300 முதல் 350 கிராம் பிடிக்கும். 100 பீஸுக்கு 35 கிலோ, அதாவது இரண்டு ரோல் அளவு. இந்த அளவுக்கென்று சாயப் பட்டறையில் தனி நிறம் போட்டால் கிலோவுக்கு விலை எகிறும், ஷேடும் நிற்காது. கறுப்பு, வெள்ளை, ஆஃப் வைட் போன்று ரெடி ஸ்டாக்கில் கிடைக்கிற நிறத்தையே எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு ரோலும் ஒரே சாய லாட்டாக இருக்க வேண்டும். கழுத்து ரிப்பையும் (கழுத்துப் பட்டைத் துணி) சேர்த்துத்தான் சொல்கிறோம். உடம்பு ஒரு கறுப்பு, கழுத்து வேறு கறுப்பு என்று வருவதுதான் அதிகம் கேட்கிற புகார்.

வெட்டும் முன் சுருக்கம் பாருங்கள். துணியில் 50 செ.மீ. சதுரம் வரைந்து, துவைத்துக் காயவைத்து அளங்கள். 47.5க்குக் கீழே போனால் சுருக்கம் ஐந்து சதவீதத்தைத் தாண்டிவிட்டது, மறுபடி காம்பாக்டிங்குக்கு (துணியை முன்கூட்டியே சுருக்கும் வேலை) அனுப்ப வேண்டும். பிளாஸ்டிசால் (பிளாஸ்டிக் கலந்த மை) பிரிண்ட் என்றால் மை சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூட்டை அடிவரை அடைய வேண்டும். மேலே மட்டும் காய்ந்தால் ஐந்தாவது சலவையில் வெடிப்பு விடும். பிரிண்டை இரு கையாலும் இழுத்துப் பாருங்கள், கீறல் விட்டால் வேகவில்லை. 30 பீஸுக்குக் கீழே, பல நிறமென்றால் ஸ்கிரீன் கட்டுப்படியாகாது. டிடிஎஃப் (படலத்தில் அச்சிட்டுச் சூட்டில் ஒட்டும் முறை) போகலாம், தொட்டால் பிளாஸ்டிக் போலிருக்கும் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

இனி, இந்த வகை ஆர்டரில் மட்டும் உள்ள விஷயம். சேதாரத்துக்காக நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பீஸ் கூட வெட்டுவது நம் வழக்கம். மிஞ்சியதும் ரிஜெக்டும் சர்ப்ளஸ் வியாபாரிக்குப் போய், திருப்பூர் காதர்பேட்டைக் கடைகளில் தொங்கும். வேறு ஆர்டரில் அது பெரிய விஷயமில்லை. ட்ராப் பிராண்டுக்கு அது உயிர்ச் சேதம்: 60தான் இருக்கிறது என்று சத்தியம் செய்தவனுடைய 61ஆவது சட்டை 150 ரூபாய்க்குத் தெருவில் கிடைக்கும். அதனால் நெக் லேபிளை எண்ணி வாங்குங்கள், எண்ணித் திருப்பிக் கொடுங்கள். ரிஜெக்ட் பீஸில் லேபிளை வெட்டிவிட்டு, பிரிண்டின் குறுக்கே கத்தரியால் ஒரு கோடு. மிச்சம் எத்தனை, யாருக்கு என்பதை ஆர்டர் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இதை நீங்களாகவே முன்வந்து சொன்னால், அந்தப் பையன்கள் வேறு கம்பெனி பக்கம் போகமாட்டார்கள். துணிப் பணம் முழுக்க முன்பணமாக வாங்கிவிடுங்கள்.

கேள்வி: தீர்ந்த டிசைனைத் திரும்பக் கேட்டு நச்சரிக்கிறார்கள். மறுபடி அடிக்கலாமா? – வாசகி, திருச்சி

“மீண்டும் வராது” என்று சொல்லியிருந்தால், கூடாது. சொல்லவில்லை என்றால் நிறத்தை மாற்றி, ஆண்டைக் குறித்து, அடுத்த சீசனில் விடலாம். சுப்ரீமின் பெட்டி லோகோ அப்படித்தான் வேறு வேறு நிறத்தில் திரும்பத் திரும்ப வந்தது, பழையது பழையதாகவே இருந்தது. எந்த டிசைன் வராது, எது வரக்கூடும் என்பதை விற்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பெயர் பிரபலமான பிறகு டிரேட்மார்க் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் நண்பர். சரியா? – வாசகர், சேலம்

நண்பரை நம்பாதீர்கள். இத்தாலியில் ஒரு கூட்டம் சுப்ரீம் பெயரைத் தானே பதிவு செய்துகொண்டு ‘சுப்ரீம் இத்தாலியா’ என்று கடை போட்டது. 2018 டிசம்பரில் சாம்சங்கே சீனாவில் அந்தப் போலியோடு கூட்டு என்று மேடையில் அறிவித்தது, பிறகு பின்வாங்கியது. 2021இல் லண்டன் நீதிமன்றம் அதன் பின்னாலிருந்த இருவருக்குச் சிறையும் நிறுவனத்துக்கு 75 லட்சம் பவுண்டு அபராதமும் விதித்தது. அதுவரை அசல்காரர் நாடு நாடாக அலைந்தார். கோர்ட்டீஸுக்கோ எதிர்ப்பக்கத்தில் அடி: நைக்கிடம் ‘கோர்டெஸ்’ என்ற காலணி இருப்பதால் அந்த நிறுவனம் பெயர்ப் பதிவை எதிர்த்தது. தோற்ற க்ளின்ட் 1,850 பவுண்டு செலவுத்தொகை கட்ட வேண்டியிருந்தது. 2023இல் அதே நைக், ஏர் மேக்ஸ் 95 காலணி செய்யக் கோர்ட்டீஸோடு கைகோத்தது என்பது தனிக் கதை.

இந்தியாவில் உடைக்கு 25ஆம் வகுப்பு. தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் என்றால் இணையவழி விண்ணப்பத்துக்கு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவருக்கு 9,000. முதலில் டிரேட்மார்க் பதிவகத்தின் இணையத் தேடலில் எழுத்தாலும் ஒலியாலும் ஒத்த பெயர் உண்டா என்று பாருங்கள். கோர்ட்டீஸ் மாட்டியதும் இப்படி ஒத்த பெயரால்தான். பதிவகத்தின் டிரேட்மார்க் இதழில் வெளியான நாளிலிருந்து நான்கு மாதம் எதிர்ப்புக்கு நேரம். பதிவு பத்தாண்டு செல்லும். நம் சட்டம் முதலில் பயன்படுத்தியவருக்கும் மதிப்புத் தருவதால், முதல் விற்பனை ரசீது, பிரிண்டிங் பில், முதல் பதிவின் தேதி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: இப்படி வளர்ந்த பிராண்டு பெரிதானால் என்ன ஆகும்? குறைவாகவே விற்றுக்கொண்டு எவ்வளவு காலம் ஓட்டுவது? – வாசகர், கோலாலம்பூர்

பெரிதாவதால் சாவதில்லை, ஒரே பொருளைப் பெரிதாக்குவதால் சாகிறது. பேத்திங் ஏப் பல நகரங்களில் கடை திறந்தது, போலிகள் குவிந்தன, கடன் ஏறியது. 2011இல் ஹாங்காங்கின் ஐ.டி. நிறுவனம் சுமார் 90 சதவீதத்தை ஏறக்குறைய 28 லட்சம் டாலருக்கு எடுத்துக்கொண்டது. ஒரு காலத்தில் உலகமே தேடிய பெயருக்கு அது அடிமாட்டு விலை.

சுப்ரீமில் கார்லைல் குழுமம் 2017இல் பாதியளவு பங்கை ஏறத்தாழ 50 கோடி டாலருக்கு வாங்கியது. 2020 கடைசியில் விஎஃப் நிறுவனம் முழுவதையும் 210 கோடி டாலருக்கு வாங்கியது. பங்குச் சந்தைக்கு ஆண்டுதோறும் வளர்ச்சி காட்ட வேண்டிய முதலாளிக்கு, 600 போகுமிடத்தில் 400 அடிப்பது விளங்காத பழக்கம். எதிர்பார்த்த வளர்ச்சி வரவில்லை. 2024 ஜூலையில் கண்ணாடி வியாபாரத்தின் பெரும்புள்ளியான எசிலோர்லக்சாட்டிகாவுக்கு 150 கோடி டாலருக்கு விற்பதாக விஎஃப் அறிவித்தது. சுப்ரீம் செத்துவிடவில்லை, வியாழக்கிழமை ட்ராப் நடக்கத்தான் செய்கிறது; பொருள் தீர்வதற்கு எடுக்கும் நேரம்தான் நீண்டுவிட்டது.

வளர வேண்டுமென்றால் ஒரு டிசைனின் எண்ணிக்கையை ஏற்றாமல் டிசைன்களின் எண்ணிக்கையை ஏற்றுங்கள். 60 பீஸை 600 ஆக்குவதைவிட, 80 பீஸ் வீதம் ஏழு பொருள், ஏழு வாரம். இன்னொரு வழி, எப்போதும் கிடைக்கும் சாதா வரிசை ஒன்று – லோகோ சிறிதாக, நிறம் இரண்டே, காலுறையோ தொப்பியோ – மாதச் சம்பளத்துக்கு. ட்ராப் தனியாக, பெயருக்கு. இரண்டையும் ஒரே நாளில் தளத்தில் காட்டாதீர்கள்.

ஒவ்வொரு ட்ராப் முடிந்ததும் மூன்று விஷயம் எழுதி வையுங்கள்: கடைசி பீஸ் போக எவ்வளவு நேரமானது, கடைசியாக நின்ற சைஸ் எது, ஒரு மாதம் கழித்து மறுவிற்பனையில் என்ன விலை. அந்த விலை உங்கள் விலைக்குக் கீழே இறங்கிய பொருளை அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள். தொடர்ந்து இரண்டு முறை இறங்கினால் அந்த வகையையே ஒரு சீசன் நிறுத்தி வையுங்கள்.